பாலக்காட்டு ஆற்றங்கரைகளில் ஓடுவதற்கு எந்த வழி, எந்த மாதம்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கோவையிலிருந்து சென்ற ஜூன் மாதம் கணவரின் ஊரான கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்து, இங்குள்ள பள்ளியொன்றில் தமிழ் கற்பித்து வருகிறேன். நான்கு ஆண்டுகளாக வாரத்தில் ஐந்து நாள் ஓடும் பழக்கம் உள்ளவள். கோவையில் இருந்தவரை ரேஸ்கோர்ஸ் சாலையின் நடைபாதையும், ஞாயிற்றுக்கிழமைகளில் குளக்கரைகளும் எனக்குப் போதுமானவையாக இருந்தன. இங்கே வந்த பிறகு வேறு வழி தெரியாமல் முதன்மைச் சாலையின் ஓரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறேன். விடியுமுன்பே பாரம் ஏற்றிய டிப்பர் லாரிகள் வரத் தொடங்கிவிடுகின்றன. கடந்த வாரம் ஒரு லாரி உரசுவதுபோலக் கடந்து சென்றபோது அதன் காற்றே என்னைச் சாலையிலிருந்து மண்ணுக்குத் தள்ளிவிட்டது. விழவில்லை என்றாலும், அன்று முதல் வீட்டில் உள்ளவர்கள் நான் திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்கிறார்கள்.

சுற்றிலும் இத்தனை தென்னந்தோப்பும் வயலும் புழையும் அணைகளும் இருக்கும்போது, லாரிப் புகையில் ஓடுவது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது. சித்தூர், பாலக்காடு, மலம்புழை, கொல்லங்கோடு ஆகிய பக்கங்களில் ஆற்றங்கரையையோ கால்வாய்க் கரையையோ ஒட்டி ஓடத்தக்க வழிகள் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். வார நாட்களில் 6 கிலோமீட்டரும் ஞாயிறன்று 14 அல்லது 15 கிலோமீட்டரும் ஓடுவேன். பெரும்பாலும் தனியாகத்தான் ஓடுகிறேன். நாய், பாம்பு, யானை ஆகியவற்றைப் பற்றியும் மறைக்காமல் எழுதுங்கள்.

பதில்: மூலத்தறைக்காரர்

வணக்கம் அம்மா. எனக்கு 61 வயது ஆகிறது. பாசன வேலையில் பல ஆண்டுகள் ஷட்டர் பார்த்தவன் என்பதால், சித்தூர் வட்டத்தின் கால்வாய்க் கரைகளில் நான் நடக்காத கரை குறைவு. இப்போது மெதுவோட்டமாக வாரத்தில் நான்கு நாள் அதே கரைகளில் ஓடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் வழியைத் தூரத்தைக் கொண்டு தேர்ந்தெடுப்பதைவிடத் தண்ணீரைக் கொண்டு தேர்ந்தெடுப்பதே சரி. ஆழியாறாக இறங்கி வந்து, இங்கே சித்தூர்ப் புழையாகவும், கீழே கண்ணாடிப் புழையாகவும் பெயர் மாறி, பறளியில் கல்பாத்திப் புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகும் இந்த ஆறு, ஆண்டு முழுவதும் ஒரே ஆறாக இருப்பதில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, ஜூலை முதல் நாள் தொடங்கி அடுத்த ஜூன் முடிய, தமிழக எல்லையோர மணக்கடவில் அளந்து 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். 1970-இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் தண்ணீர் எந்த வாரம் திறக்கப்படுகிறதோ அந்த வாரம் புழை கரைபுரளும், மூடிவிட்டால் பத்தே நாளில் பாறையும் மணல்திட்டும் நாணலுமாகிவிடும். இரண்டும் அழகுதான். ஆனால் ஓடுகிறவருக்கு இரண்டும் வெவ்வேறு இடங்கள்.

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் உங்களுக்கு மிக அருகில் இருப்பவை, சித்தூர்ப் புழையின் மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து பிரியும் கால்வாய்களின் கரைகள். கால்வாயின் ஒரு கரை எப்போதும் அகலமாக, ஜீப் போகும் அளவுக்கு இருக்கும். பராமரிப்புக்காக அப்படி விடப்பட்டது அது. மறு கரை ஒற்றையடிப் பாதையாக இருக்கும். நீங்கள் அகலமான கரையில் மட்டும் ஓடுங்கள், அதிலும் வண்டித் தடம் இரண்டில் கால்வாயை விட்டுத் தள்ளியிருக்கும் தடத்தில் ஓடுங்கள். தண்ணீர் ஓடும் நாட்களில் உள்விளிம்பு ஊறிப்போய் இளகியிருக்கும். நண்டு வளையும் எலி வளையும் மேலே புல் மூடிக் கிடக்கும், கால் மடங்கினால் கணுக்கால் போய்விடும். முகம் கழுவலாம் என்று கான்கிரீட் சரிவில் இறங்கவே கூடாது. பாசி படிந்த அந்தச் சரிவில் ஏறி வர ஆண்பிள்ளைகளே திணறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்த படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாத இடத்தில் தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

ஆற்றுக்குள் இறங்குவதைப் பற்றியும் அதே எச்சரிக்கைதான். இங்கே மழை இல்லாத நாளில்கூட மேலே அணை திறந்தால் தண்ணீர் வரும். 2024 ஜூலையில் சித்தூர்ப் புழையில் இறங்கிய நால்வர், சட்டென்று ஏறிய வெள்ளத்தில் நடுவாற்றுப் பாறையின் மீது மாட்டிக்கொண்டு, தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டிக் கரைசேர்த்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வெயில் அடிக்கும் காலையில் வறண்ட பாறையைக் கண்டு குறுக்கே கடந்துவிடலாம் என்று தோன்றும். அந்த எண்ணம் வேண்டாம், பாலம் வழியாகவே போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்குச் சித்தூர் தெற்குக் கிராமம் பக்கம் வாருங்கள். மலையாளக் கவி எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தைக் கழித்த குருமடம் அங்கே புழையோரத்தில் இருக்கிறது. ஆற்றுக்குச் சோகநாசினி என்ற பெயரும் அவரால்தான் வந்தது என்பார்கள். அந்தத் தெருவில் மெதுவாகப் போய்ப் படித்துறையில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினால், மீதி ஓட்டத்தில் மூச்சு தானாக ஒழுங்காகிவிடும். எத்தனை முறை போனாலும் எனக்கு அப்படித்தான் ஆகிறது.

இன்னொன்று, காற்று. பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகலமான வாசல். தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வரும், விருச்சிக மாதம் (நம் கார்த்திகை) தொடங்கி மாசி வரை கிழக்கிலிருந்து, அதாவது உங்கள் கோவைப் பக்கத்திலிருந்து, வறண்டு வீசும். புறப்படும்போது காற்றை எதிர்த்து ஓடி, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளுங்கள். களைத்த கால்களுக்கு அது பெரிய உதவி.

பதில்: கல்பாத்தி வாசி

தோழிக்கு வணக்கம். நான் பழைய கல்பாத்தியில் பிறந்து வளர்ந்தவள், வயது 48. பெண் ஒருத்தி தனியாக ஓடுவதைப் பற்றி மேலே ஐயா எழுதாததை நான் எழுதுகிறேன்.

வார நாளில் பாலக்காட்டு நகரத்துக்குள் வர நேர்ந்தால் கோட்டையைச் சுற்றி ஓடுங்கள். ஹைதர் அலி 1766-இல் கட்டிய அந்தக் கோட்டையின் அகழியை ஒட்டிய நடைபாதையில் விடியற்காலை முதல் நடப்பவர்கள் இருந்துகொண்டே இருப்பார்கள். பக்கத்திலேயே வாடிகா பூங்காவும் கோட்டை மைதானமும் இருக்கின்றன. பெரிய மரங்களின் நிழல் உண்டு, அகழியில் ஆம்பல் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில் மனிதர்கள் உண்டு. இருட்டில் தனியாக ஓட நேர்கிற நாளில் எனக்கு அழகைவிட இதுதான் முக்கியம்.

வெளிச்சம் வந்த பிறகு கல்பாத்திக்கு வாருங்கள். காசியில் பாதி கல்பாத்தி என்று சும்மா சொல்லவில்லை. விசுவநாதசுவாமி கோயிலிலிருந்து படி இறங்கினால் புழை. அங்கிருந்து அக்கிரகாரத் தெருக்கள் வழியாகப் புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று இழுத்துக்கொண்டு போகலாம். ஓட்டத்தில் வேகம் பார்க்கும் இடமல்ல இது. ஆறு மணிக்கு முன்னால் ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஈரம் காயாத தரையில் இழைக்கோலத்தின் கடைசிச் சுற்றை ஒரு பாட்டி இழுத்து முடிப்பதற்குள் அதன் மீது காலணி வைத்துக் கடந்த ஓட்டக்காரரைப் பார்த்து நான் வெட்கப்பட்டிருக்கிறேன். தெருவின் நடுவில் ஓடுங்கள், வாசல் பக்கம் ஒதுங்காதீர்கள், கோலம் போடுகிறவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். இரண்டாம் வாரம் உங்களைத் தெருவே அடையாளம் கண்டுகொள்ளும். அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை. ஐப்பசிக் கடைசியில் தேர்த் திருவிழா நடக்கும் நாட்களில் மட்டும் ஓட முயல வேண்டாம், தேர் பார்க்க வாருங்கள்.

2018 ஆகஸ்டில் மலம்புழை ஷட்டர்கள் திறக்கப்பட்டபோது இந்தப் புழை நகரத்துக்குள் ஏறிய உயரத்தைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மலம்புழை திறக்கப்போவதாக அறிவிப்பு வந்த நாளில் கல்பாத்திக் கரைக்கு வரவே வேண்டாம்.

பதில்: கவா

நான் மலம்புழைப் பக்கத்துக்காரன். ஆசிரியை யானையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லாததால், அதையே முதலில் எழுதுகிறேன்.

1955-இல் கட்டி முடித்த அணையும், அணைக்குக் கீழே இருக்கும் தோட்டமும், கானாயி குஞ்ஞிராமன் வடித்த யட்சியும் எல்லோருக்கும் தெரிந்தவை. தோட்டம் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் இடம், அது ஓட்டத்துக்கு ஏற்றதல்ல. ஓடுகிறவர்களை இழுப்பது அணைக்குப் பின்புறம், கவா பக்கம். ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, மறு பக்கம் மேகம் இறங்கிய மலை, நடுவில் வளைந்து போகும் சாலை. இவ்வளவு அழகான ஓட்டப் பாதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்பதை முழு மனதோடு சொல்கிறேன். அதே மனதோடு இதையும் சொல்கிறேன்: சூரியன் நன்றாக மேலேறுவதற்கு முன்பும், மாலை ஐந்துக்குப் பிறகும் அந்தச் சாலையில் தனியாகக் காலடி வைக்காதீர்கள். மலையிலிருந்து யானைகள் தண்ணீருக்கு இறங்கும் இடம் அது. அதிக தூரமில்லாத தோணியில் 2022 ஜூலையில் காலை நடைக்குச் சென்றவர் ஒருவர் காட்டானை தாக்கி இறந்தார். பி.டி.-7 (பாலக்காடு டஸ்கர் 7) என்ற அந்தக் கொம்பனை 2023 ஜனவரியில்தான் வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. அதைப் பிடித்ததோடு யானைகள் வருவது நின்றுவிடவில்லை.

நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது. ஏழு மணிக்கு மேல்தான் புறப்படுவோம், நால்வருக்குக் குறையாமல் போவோம், காதில் பாட்டு வைக்க மாட்டோம். தேநீர்க் கடையிலும் பால் கொண்டுவருகிறவர்களிடமும் ‘நேற்று இறங்கியதா?’ என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போவோம். சாலையில் ஆவி பறக்கும் லத்தி, புதிதாக ஒடிந்த பனங்கன்று, மூங்கில் முறியும் சத்தம், இவற்றில் ஒன்று கண்ணிலோ காதிலோ பட்டாலும் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. பெரும் மூங்கில் கணு முறியும் சத்தத்தைச் சென்ற ஆண்டு ஒருமுறை கேட்டோம். பட்டாசு போல ஒன்று, பிறகு நீண்ட அமைதி, பிறகு இலைகள் உரசி இழுபடும் ஓசை. யானையை நாங்கள் பார்க்கவில்லை, பார்க்கவும் நிற்கவில்லை. வாளையாறு காட்டுப் பக்கமும் பரம்பிக்குளமும் ஓடும் இடங்களே அல்ல, அவற்றைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள்.

மூலத்தறை ஐயா காற்றைப் பற்றிச் சொன்னதில் எனக்குச் சிறிய மாறுபாடு உண்டு. டிசம்பர், ஜனவரியில் அவர் சொல்வது மிகச் சரி. ஆனால் மார்ச் தொடங்கி மே வரை, வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், காற்று முதுகுப் பக்கம் இருந்தால் நாம் ஓடும் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகி, உடம்பைச் சுற்றியுள்ள காற்று அசையாமல் நின்றுவிடும். வியர்வை உலராது, உடல் சூடு ஏறும். ஏற்கெனவே சூடேறிய இரண்டாம் பாதியில் இது ஆபத்து. அந்த மாதங்களில் காற்றோடு போய், காற்றை எதிர்த்துத் திரும்புவதே நல்லது. வேகம் குறையும், அதனால் இழப்பு ஒன்றுமில்லை.

விருச்சிகக் காற்றுக்கு வேறொரு குணம் உண்டு. அது வியர்வையை உடனுக்குடன் உறிஞ்சிவிடுவதால், நமக்கு வியர்க்கவே இல்லை என்று தோன்றும், தாகமும் எடுக்காது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கறுப்புச் சட்டையின் முதுகில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருக்கும். ஓடுமுன்னும் ஓடிய பின்னும் எடை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை உடம்பு இழந்திருக்கிறது என்று பொருள். தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே போயிருக்கிறது என்பதால் உப்பிட்ட மோரோ கஞ்சித் தண்ணீரோ குடிப்பது வெறும் தண்ணீரைவிட நல்லது.

கொல்லங்கோடு பக்கம் போவதானால் நாற்று நட்டு ஒரு மாதம் கழிந்த பிறகு போங்கள். தென்மலை அடிவாரம் வரை பச்சை விரிந்து கிடக்கும், மழை நாளில் சீதார்குண்டு அருவி வயலிலிருந்தே வெள்ளை நூலாகத் தெரியும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் படம் எடுக்க வருகிறவர்களின் வண்டிகள் சாலையை அடைத்துவிடும். அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

பதில்: சுகாதார நிலையத்திலிருந்து

செவிலியராகப் பணியாற்றுகிறேன், சுருக்கமாக எழுதுகிறேன். மழைக்காலத்தில் வரப்பிலும் கரையிலும் தேங்கிய நீரைக் காலில் கொப்புளமோ வெட்டோ இருக்கும்போது மிதிக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. மிதிக்க நேர்ந்து, சில நாட்களில் காய்ச்சலோடு கெண்டைக்காலில் கடும் வலி வந்தால், அதை ஓடியதால் வந்த வலி என்று நினைத்து ஒதுக்கிவிடாமல் மருத்துவமனைக்குப் போங்கள், சேற்று நீரை மிதித்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். கடித்துவிட்டால், சிறிய கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அறுவடைக் காலத்தில் எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் கரைக்கு வரும். டார்ச் இல்லாமல் இருட்டில் புல்லில் கால் வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரம் ஓடிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

வார நாட்களில் இப்போது கால்வாய்க் கரைதான். ஐயா சொன்னபடி அகலமான கரையில், தண்ணீரை விட்டுத் தள்ளியிருக்கும் தடத்தில் ஓடுகிறேன். கரை எங்கெங்கோ வளைந்து போவதால் தூரம் பார்ப்பதை விட்டுவிட்டு, 20 நிமிடம் போய் 20 நிமிடத்தில் திரும்புவது என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் ஒரு தோப்பைக் கடக்கும்போது மேலிருந்து ‘டொக், டொக்’ என்று சீராக ஒரு சத்தம் கேட்டு நின்றேன். கள் இறக்குபவர் தென்னை உச்சியில் உட்கார்ந்து, பாளையை எலும்பால் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருந்தார். பாளை பதப்பட அப்படித் தட்ட வேண்டுமாம். தினமும் அதே நேரத்தில் அங்கே கடப்பதால் அந்தச் சத்தம் எனக்கு மணி காட்டுகிறது. தட்டு கேட்டால் ஆறே கால் என்று பொருள். ஒருநாள் நான் வராததைக் கவனித்துவிட்டு மறுநாள் மரத்தின் மேலிருந்தே, ‘டீச்சரே, நேற்று உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டார். கல்பாத்தி அக்கா எழுதியதன் பொருள் அன்று எனக்கு முழுமையாக விளங்கியது. வீட்டிலும் இப்போது வாசலில் நிற்பதில்லை.

ஒரு ஞாயிறு தெற்குக் கிராமத்துக்குப் போய்ப் படித்துறையில் நின்றேன். தண்ணீர் மூன்றாம் படி வரை இருந்தது. அடுத்த ஞாயிறு போனபோது ஆறு படிகள் கூடுதலாக வெளியே தெரிந்தன, கடைசிப் படியில் பாசி இன்னும் ஈரமாக இருந்தது. ஏழு நாளில் இவ்வளவு இறங்கும் ஆறு ஏழு நிமிடத்தில் ஏறவும் கூடும் என்று நினைத்துக்கொண்டு, கீழே இறங்காமல் திரும்பிவிட்டேன்.

காற்றைப் பற்றிக் கவா அவர்கள் எழுதியதையும் சோதித்தேன். சென்ற ஞாயிறு 14 கிலோமீட்டர் ஓடிவிட்டு வியர்வையே இல்லாமல் வந்தேன், எடை பார்த்தால் ஒரு கிலோவும் இருநூறு கிராமும் குறைந்திருந்தது. இத்தனை ஆண்டு ஓட்டத்தில் நான் ஒருநாளும் இப்படி அளந்து பார்த்ததில்லை. இப்போது பாதி வழியில், கரையோரம் இருக்கும் மாணவி ஒருத்தியின் வீட்டில் ஒரு புட்டி உப்பு மோர் முன்கூட்டியே கொடுத்து வைக்கிறேன்.

கவாவுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. தை மாதம் இரண்டாம் ஞாயிறு உங்கள் குழுவோடு சேர்ந்துகொள்ளலாமா? நான்கு பேருக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். என்னோடு எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏழு மணிக்கு எந்தத் தேநீர்க் கடையில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் தெரிவியுங்கள்.